லினக்ஸில் கெர்னல் புதுப்பித்த மறுநாள் புளூடூத் ஹெட்செட் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என் தங்கை இணையவழியில் கணிதம் கற்பிக்கிறாள். ஒரு திங்கள்கிழமை காலை, வகுப்புக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அழைத்தாள். "அண்ணா, நேற்று இரவு கணினி அப்டேட் கேட்டது, சரி என்று அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஹெட்செட் இணையவே மாட்டேன் என்கிறது." கம்பி போட்ட பழைய இயர்போனை மாட்டிக்கொண்டு அன்றைய வகுப்பை முடித்தாள். மாலையில் போய்ப் பார்த்தேன். கெர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் லினக்ஸின் உள்மையம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதோடு ஒரே மூட்டையில் வந்திறங்கிய ஒலிச் சேவைதான் பாதி நிறுவப்பட்ட நிலையில் கிடந்தது.

அதற்குப் பிறகு, நான் கவனித்துக்கொள்ளும் ஒரு பயிற்சி மையத்தின் மடிக்கணினிகளில் இதே கோளாறைப் பல உருவங்களில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் மாறாத ஒரு தவறையும் பார்த்திருக்கிறேன். எது உடைந்தது என்று தெரிவதற்கு முன்பே பத்துக் கட்டளைகளை இட்டுவிடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். இந்தக் கோளாறுக்காக அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டியதே இல்லை. அறிகுறியைச் சரியாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை இடும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள். 'சிடிஎல்' என்று முடிபவை கண்ட்ரோல் என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம், முன்சொல்லோடு ஒட்டியே வரும்.

## எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியம்

முதலாவது, முழுதாக அணையுங்கள். ரீஸ்டார்ட் போதாது. ரீஸ்டார்ட் செய்யும்போது பல மடிக்கணினிகளில் புளூடூத் சில்லுக்குப் போகும் மின்சாரம் அறுபடுவதே இல்லை. பழைய கெர்னல் ஏற்றிவைத்த ஃபர்ம்வேரோடு (சில்லுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) அது அப்படியே விழித்திருக்கும். புதிய கெர்னல் வந்து பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாது. ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு போடுங்கள். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் ஷட் டவுன் ஆனாலும் உண்மையில் முழுதாக அணைவதில்லை.

இரண்டாவது, பழைய கெர்னலில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி எழும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் இயந்திரங்களில் ஷிஃப்ட்) அழுத்தினால், எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் புதியதற்கு முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். மாறுவதற்கு முன்னும் முழுதாக அணைத்துவிட்டே மாறுங்கள். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

பழைய கெர்னலில் ஹெட்செட் பாடினால் கெர்னலைச் சந்தேகிக்கலாம். அதிலும் பாடவில்லை என்றால் கெர்னல் மேல் பழி போடாதீர்கள். அதே இரவில் வேறு என்ன வந்தது என்று பாருங்கள். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஏபிடி', அதற்குள் 'ஹிஸ்டரி' என்ற பதிவுக் கோப்பு எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதிவைத்திருக்கும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி'. ஆர்ச்சில் 'பேக்மேன்' பதிவுக் கோப்பு. புளூஸ் (புளூடூத் சேவை), பைப்வயர், வயர்பிளம்பர் (இரண்டும் ஒலிச் சேவை), லினக்ஸ்-ஃபர்ம்வேர் ஆகிய நான்கு பெயர்களைத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபர்ம்வேர் கோப்புகள் எல்லாக் கெர்னலுக்கும் பொது. பழைய கெர்னலில் ஏறினாலும் ஃபர்ம்வேர் புதியதாகவே இருக்கும். ஆகவே "பழையதிலும் வேலை செய்யவில்லை" என்பது ஃபர்ம்வேரை விடுவிக்காது. இன்னொன்று, கோளாறு தீரும்வரை, இனி தேவையில்லை என்று கருதும் மென்பொருள் பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையை இடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியை அது அழித்துவிடக்கூடும்.

## அறிகுறி 1: புளூடூத்தே இல்லை

அமைப்புகளில் புளூடூத் பொத்தானை இழுத்தால் திரும்பிப் போய்விடுகிறது, அல்லது அந்தப் பக்கமே வெறுமையாக இருக்கிறது. 'புளூடூத்சிடிஎல்' திறந்து 'ஷோ' என்று இட்டால் 'நோ டிஃபால்ட் கண்ட்ரோலர் அவைலபிள்' என்று பதில் வருகிறது.

### பூட்டப்பட்டிருக்கிறதா?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' இடுங்கள். புளூடூத் வரியின் கீழ் 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' போதும். 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்றிருந்தால் எந்தக் கட்டளைக்கும் அது அசையாது, விமானப் பயன்முறை விசையையோ பக்கவாட்டில் இருக்கும் சிறு பொத்தானையோ தேடுங்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் புளூடூத்' இட்டு, சேவை ஓடுகிறதா என்றும் பாருங்கள். இறந்து கிடந்தால் 'எனேபிள்', 'ஸ்டார்ட்' இரண்டும் செய்யுங்கள்.

### கணினி உண்மையிலேயே புதிய கெர்னலில்தான் ஓடுகிறதா?

ஆர்ச் பயன்படுத்துகிறவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். புதிய கெர்னல் நிறுவப்படும்போது பழையதன் மாட்யூல் (டிரைவர்) கோப்புறை நீக்கப்பட்டுவிடும். ஆனால் ரீபூட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். அந்த இடைவெளியில் யூஎஸ்பி புளூடூத்தைச் செருகினால், அதற்குரிய டிரைவர் வட்டிலேயே இருக்காது. 'யூநேம் -ஆர்' காட்டும் எண்ணும் நிறுவப்பட்ட கெர்னலின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் ரீபூட் செய்வதுதான் மருந்து.

### வன்பொருள் கண்ணுக்குத் தெரிகிறதா?

'எல்எஸ்யூஎஸ்பி' இடுங்கள். வைஃபை வேலை செய்கிறது, ஆகவே அட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். மடிக்கணினிக்குள் இருக்கும் அந்தச் சிறு அட்டையில் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே இருந்தாலும், பெரும்பாலான அட்டைகளில் வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் உட்புற யூஎஸ்பி வழியாகவும் கணினியைச் சேர்கின்றன. ஒன்று இறந்து மற்றொன்று பிழைத்திருப்பது மிகச் சாதாரணம். இன்டெல் சில்லு என்றால் பட்டியலில் 8087 என்று தொடங்கும் அடையாள எண் இருக்கும்.

பட்டியலில் இல்லை என்றால், மேலே சொன்னபடி முழுதாக அணைத்து எழுப்புங்கள். பயாஸ் அமைப்பில் புளூடூத் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் யூஎஸ்பி) ஒன்றில் ஏறி அங்கும் இல்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். மென்பொருளில் தேட இனி ஒன்றுமில்லை.

பட்டியலில் இருக்கிறது என்றால் நல்ல செய்தி. 'ஜர்னல்சிடிஎல் -கே -பி' இடுங்கள். 'கே' கெர்னலின் முதல் எழுத்து, 'பி' பூட்டின் முதல் எழுத்து. இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து கெர்னல் சொன்னதெல்லாம் கிடைக்கும். அதில் புளூடூத் என்று தொடங்கும் வரிகளை மட்டும் படியுங்கள். அங்கே வரும் எண்தான் நோயின் பெயர்.

### பிழை -2: ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை

'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார்...' என்று தொடங்கி '-2' என்று முடியும் வரி. கேட்ட கோப்பு வட்டில் இல்லை என்பது இதன் பொருள். புதிய கெர்னல் புதிய ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கிறது, அது இன்னும் வரவில்லை. உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பித்து முழுதாக அணைத்து எழுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டெபியனில் 11-லிருந்து 12-க்கு ஏறியவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று புதிய களஞ்சியப் பிரிவைத் தொடங்கி, ஃபர்ம்வேர் பொதிகளை அங்கே மாற்றினார்கள். உங்கள் களஞ்சியப் பட்டியலில் 'நான்-ஃப்ரீ' மட்டும் இருந்தால் கெர்னல் புதிதாகும், ஃபர்ம்வேர் பழையதாகவே நின்றுவிடும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டு மறுபடி புதுப்பியுங்கள். ஆர்ச்சிலும் 2025 ஜூனில் ஒரே ஃபர்ம்வேர் பொதியை நிறுவனவாரியாகப் பிரித்தார்கள். இடம் மிச்சம் பிடிக்கத் துண்டுகளை நீக்கியவர்கள் தங்கள் சில்லுக்குரிய துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

### பிழை -110: சில்லு பதில் சொல்லவில்லை

'டிஎக்ஸ் டைம்அவுட்', 'ரீடிங் இன்டெல் வெர்ஷன் கமாண்ட் ஃபெய்ல்டு (-110)' போன்ற வரிகள். கெர்னல் கேட்டது, காத்திருந்தது, சில்லு வாய் திறக்கவில்லை. முழுதாக அணைத்து எழுப்புவது இதற்கென்றே பிறந்த வைத்தியம். பேட்டரியை எளிதாகக் கழற்ற முடிகிற மடிக்கணினி என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். ஒருமுறை தீர்ந்து, தூங்கி எழுந்ததும் திரும்ப வந்தால் அறிகுறி 7-க்குப் போங்கள். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் புதிய கெர்னலில் மட்டும் -110 வருகிறது, பழையதில் வருவதில்லை என்றால், இதுதான் உண்மையான கெர்னல் கோளாறு.

### பிழையும் இல்லை, புளூடூத்தும் இல்லை

டிரைவர் ஏறவே இல்லை. 'எல்எஸ்மாட்' பட்டியலில் 'பிடியூஎஸ்பி' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'சுடோ மாட்ப்ரோப் பிடியூஎஸ்பி' (நிர்வாகி உரிமையோடு டிரைவரை ஏற்றும் கட்டளை). மாட்யூலே கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், உபுண்டுவில் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' பொதி புதிய கெர்னலின் எண்ணோடு வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அது விடுபட்டால் பல டிரைவர்கள் ஒன்றாகக் காணாமல் போகும்.

சிலர் தனியாக இறக்கிய டிரைவரை, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஓட்டுவார்கள். புதிய கெர்னலுக்கு அது மறுபடி கட்டப்பட்டதா என்று 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' சொல்லும். கட்டப்பட்டும் ஏறாமல் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், கையொப்பமில்லாததை ஏற்காத செக்யூர் பூட் அதைத் தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையொப்பச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும்.

### மலிவு விலை யூஎஸ்பி புளூடூத்

அடையாள எண் 0ஏ12:0001 என்று காட்டுகிறதா? அது கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ நிறுவனத்தின் எண். ஆனால் கடைத்தெருவில் அந்த எண்ணைச் சுமந்து வருபவற்றில் ஏராளமானவை போலிகள். போலிகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கேற்ப வளைந்துகொடுக்கும் வரிகள் கெர்னலில் இருக்கின்றன. பதிவில் 'அன்பிராண்டட் சிஎஸ்ஆர் குளோன் டிடெக்டட்' என்றே எழுதிக் காட்டும். அந்த வரிகள் மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு வகைப் போலி விழும், வேறொரு வகை எழும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக இரண்டு மாலைப் பொழுதைச் செலவழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ரியல்டெக் 8761 சில்லு உள்ள ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 2: ஹெட்செட் தெரிகிறது, இணைய மறுக்கிறது

### முதலில் சட்டைப்பையைப் பாருங்கள்

ஹெட்செட் உங்கள் கைப்பேசியோடு ஏற்கெனவே இணைந்திருக்கலாம். கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பயிற்சி மையத்தில் "அப்டேட் கெடுத்துவிட்டது" என்று என்னிடம் வந்த கணினிகளில் சிலவற்றுக்கு இதுவே மருந்தாக இருந்தது.

### பழைய உறவை இரு பக்கமும் முறியுங்கள்

இணைப்புச் சாவி கணினியிலும் ஹெட்செட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறினாலும் ஹெட்செட் கதவைத் திறக்காது. 'புளூடூத்சிடிஎல்' உள்ளே 'டிவைசஸ்' இட்டு முகவரியைப் பார்த்து, 'ரிமூவ்' என்ற சொல்லோடு அந்த முகவரியைக் கொடுங்கள். ஹெட்செட்டையும் பேரிங் நிலைக்குக் கொண்டுவந்து அதன் நினைவை அழியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பலன் இல்லை. பிறகு 'ஸ்கேன் ஆன்', 'பேர்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' என்ற வரிசையில் செய்யுங்கள். 'டிரஸ்ட்' விடுபட்டால் இன்று இணையும், நாளை தானாக இணையாது.

விண்டோஸும் அதே கணினியில் இருந்து, அங்கேயும் இதே ஹெட்செட்டைப் பேரிங் செய்திருந்தால் சண்டை ஓயாது. இரண்டுக்கும் புளூடூத் முகவரி ஒன்றே, சாவி வேறு. கடைசியாகப் பேரிங் செய்த இயங்குதளத்தையே ஹெட்செட் நம்பும்.

### ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரிகிறதா?

சில இயர்பட்கள் 'எல்இ' (குறைந்த மின்சாரப் புளூடூத்) என்ற முன்னொட்டோடு ஒரு பெயரும், முன்னொட்டு இல்லாமல் ஒரு பெயருமாகக் காட்டும். முன்னொட்டு இல்லாததோடு பேரிங் செய்யுங்கள். பாட்டுக் கேட்கும் வழி அதில்தான் இருக்கிறது. அப்படியும் தவறான வழியிலேயே போய் முட்டினால், புளூடூத்தின் 'மெயின்' அமைப்புக் கோப்பில் 'கண்ட்ரோலர்மோட்' மதிப்பை 'பிஆர்இடிஆர்' என்று மாற்றிச் சேவையை மறுபடி தொடங்குங்கள். புளூடூத் எல்இ வழி மட்டுமே பேசும் சுட்டி, விசைப்பலகை வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, அவை நின்றுவிடும்.

## அறிகுறி 3: இணைகிறது, இரண்டு நொடியில் அறுந்துவிடுகிறது

என் தங்கையின் கணினியில் இருந்தது இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பேரிங் சரியாக நடக்கிறது, 'கனெக்டட்' என்று ஒரு கணம் மின்னுகிறது, போய்விடுகிறது. 'புளூடூத்சிடிஎல்' கடைசியில் 'புரொஃபைல்-அன்அவைலபிள்' என்று முடியும் பிழையைக் காட்டும். புளூடூத் சேவையின் பதிவில் 'ஏ2டிபி-சிங்க்' என்றும் 'புரோட்டோகால் நாட் அவைலபிள்' என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்த வரியைப் பார்த்தவுடன் கெர்னலை மறந்துவிடுங்கள். ரேடியோத் தொடர்பு வேலை செய்கிறது, சாவி பொருந்துகிறது. வந்த ஒலியை வாங்கிக்கொள்ள மேலே யாரும் இல்லை என்பதே செய்தி. அந்த ஆள் பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவையாக இருக்கலாம், பல்ஸ்ஆடியோ என்ற பழையதாக இருக்கலாம். ஃபெடோரா 34-ஆம் பதிப்பிலும் (2021), உபுண்டு 22.10-இலும் (2022) பைப்வயருக்கு மாறின. பதிப்பிலிருந்து பதிப்புக்கு ஏறிவந்த பல கணினிகளில் பழையதும் புதியதும் பாதிப் பாதியாகக் கிடக்கின்றன.

'பிஏசிடிஎல் இன்ஃபோ' இட்டு 'சர்வர் நேம்' வரியைப் படியுங்கள். அதில் பைப்வயர் என்று வந்தால் டெபியன், உபுண்டுவில் 'லிப்ஸ்பா-0.2-புளூடூத்' என்ற பொதி இருந்தாக வேண்டும். வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால் 'பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத்' இருந்தாக வேண்டும். எது ஓடுகிறதோ அதற்குரியது வேண்டும்; மற்றதற்குரியது இருந்து பயனில்லை. தங்கையின் கணினியில் ஓடியது பைப்வயர், இருந்தது பல்ஸ்ஆடியோவின் பொதி.

பிறகு 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்' இடுங்கள். முன்னால் 'சுடோ' சேர்க்காதீர்கள். இவை உங்கள் கணக்கில் ஓடும் சேவைகள், நிர்வாகியின் கணக்கில் அல்ல. பழக்கத்தில் 'சுடோ' போட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 4: இணைந்தே இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை

ஒலி இன்னும் மடிக்கணினியின் ஸ்பீக்கருக்கே போய்க்கொண்டிருக்கலாம். ஒலி அமைப்புகளில் வெளியீட்டை மாற்றுங்கள். வெளியீட்டுப் பட்டியலில் ஹெட்செட்டே இல்லை என்றால் 'பாவுகண்ட்ரோல்' செயலியைத் திறந்து 'கான்ஃபிகரேஷன்' தாவலில் ஹெட்செட்டின் புரொஃபைல் 'ஆஃப்' என்று நிற்கிறதா என்று பாருங்கள். அதை ஏ2டிபிக்கு (பாட்டுக்கான வழி) மாற்றுங்கள். ஹெட்செட்டின் சொந்த ஒலியளவு பூஜ்யத்தில் இருப்பதும் உண்டு. அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இவ்வளவும் சரி, ஒலி இல்லை என்றால் அறிகுறி 3-இன் மறுதொடக்கக் கட்டளையை இடுங்கள்.

## அறிகுறி 5: பாட்டு தொலைபேசிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது

இது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். வழக்கமான புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு முகம். பாட்டுக்கு ஏ2டிபி: இரு காதுக்கும் தனித்தனி ஒலி, நல்ல தரம், ஆனால் மைக் கிடையாது. பேச்சுக்கு எச்எஃப்பி: மைக் உண்டு, ஒலியோ ஒற்றை வழி. அதன் பழைய ஒலிமுறையான சிவிஎஸ்டி 8 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது, எம்எஸ்பிசி 16 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. ஏதாவது ஒரு செயலி மைக்கைத் தொட்டவுடன் வயர்பிளம்பர் ஹெட்செட்டைப் பேச்சு முகத்துக்குத் திருப்பிவிடும். பாட்டு குழாய்க்குள் போனதுபோல் ஆகிவிடும்.

ஆகவே முதலில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள். பாவுகண்ட்ரோலின் 'ரெக்கார்டிங்' தாவல் காட்டிக்கொடுக்கும். உலாவியில் மறந்துபோன ஒரு கூட்டத் தாவல் திறந்தே கிடக்கும்.

மடிக்கணினியின் சொந்த மைக்கே போதும் என்பவர்களுக்கு நிரந்தரத் தீர்வு உண்டு. வயர்பிளம்பர் 0.5-ஆம் பதிப்பிலிருந்து 'டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ் --சேவ் புளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-புரொஃபைல் ஃபால்ஸ்' என்ற ஒரே கட்டளை தானாக முகம் மாறுவதை நிறுத்திவிடும். தங்கைக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன். மேசையில் ஒரு சிறு யூஎஸ்பி மைக், காதில் ஹெட்செட். அவள் மாணவர்களுக்கும் குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

புதுப்பித்தபின் எம்எஸ்பிசி பட்டியலிலிருந்தே மறைந்து சிவிஎஸ்டி மட்டும் நின்றால், அல்லது அழைப்பில் உங்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்றால், அது வேறு விஷயம். பேச்சு வழி கெர்னலின் யூஎஸ்பி டிரைவரை நேரடியாகச் சார்ந்தது. பழைய கெர்னலில் ஏறி அதே அழைப்பைச் செய்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கெர்னல் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 6: ஒலி விட்டுவிட்டு வருகிறது

செலவில்லாத சோதனை: வைஃபையை ஒரு நிமிடம் அணையுங்கள். திக்கல் நின்றால் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடித்துக்கொள்கின்றன. ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் முடிந்தது.

யூஎஸ்பி புளூடூத் என்றால் அது எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 ஓட்டைகளும் அவற்றில் மாட்டிய வட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலை உண்டாக்குகின்றன. ஓர் அடி நீள நீட்டிப்புக் கம்பியில் புளூடூத்தைத் தள்ளிவைத்தால் போதும். மேசைக் கணினிகளில் இது வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கிறது.

இரண்டும் இல்லை என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். புதிய கெர்னல் யூஎஸ்பி சாதனங்களை இன்னும் தாராளமாகத் தூங்கவைக்கக்கூடும். அதற்கான மாற்றம் அடுத்த பகுதியில்.

## அறிகுறி 7: மடிக்கணினியை மூடித் திறந்தால் மட்டும் போய்விடுகிறது

'சுடோ மாட்ப்ரோப் -ஆர் பிடியூஎஸ்பி', அடுத்து 'சுடோ மாட்ப்ரோப் பிடியூஎஸ்பி'. டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றுகிறோம். உயிர் வந்தால் நோய் தூக்கத்தில் இருக்கிறது என்று பொருள். 'இடிசி' கோப்புறைக்குள் 'மாட்ப்ரோப்.டி' என்ற கோப்புறையில், 'கான்ஃப்' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் பிடியூஎஸ்பி எனேபிள்_ஆட்டோசஸ்பெண்ட்=0' என்று ஒரே வரி எழுதி ரீபூட் செய்யுங்கள். டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியை நிறுவியிருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் 'யூஎஸ்பி_எக்ஸ்க்ளூட்_பிடியூஎஸ்பி=1' என்றும் (இது மட்டும் பேரெழுத்தில்) வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கையால் எழுப்புவதை மறு கையால் தூங்கவைப்பதாகும். பேட்டரி சற்று வேகமாகக் கரையும். அழைப்பு நடுவில் அறுவதைவிட அது மேல்.

## கெர்னல்தான் குற்றவாளி என்று உறுதியானால்

அப்படியும் நடக்கும். 2019-இல் புளூடூத் மறையாக்கச் சாவியின் குறைந்தபட்ச நீளத்தைப் பாதுகாப்புக்காகக் கெர்னலில் கட்டாயப்படுத்தியபோது, அதற்கு ஒத்துவராத சில சாதனங்கள் இணையாமல் போயின, மறுபடி திருத்தினார்கள். பயனர்கள் சரியாகச் சொன்னால் திருத்தம் வருகிறது.

அதுவரை வேலை செய்யும் கெர்னலில் நில்லுங்கள். உபுண்டு, டெபியனில் 'ஏபிடி-மார்க் ஹோல்டு' கட்டளையோடு கெர்னல் பொதியின் பெயரைக் கொடுங்கள். ஆர்ச்சில் 'லினக்ஸ்-எல்டிஎஸ்' என்ற நீண்டகால ஆதரவுக் கெர்னலைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளுங்கள். ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கும், ஆகவே அவசரமில்லை. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பழைய கெர்னலில் நிற்பது பாதுகாப்புத் திருத்தங்களையும் நிறுத்திவைப்பதுதான். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் ஒருமுறை ஏறிச் சோதியுங்கள்.

புகார் எழுதும்போது உங்கள் இயங்குதளத்தின் பிழைப் பதிவகத்தில் நான்கு விவரங்களைத் தாருங்கள்: வேலை செய்த கடைசிக் கெர்னல் எண், வேலை செய்யாத முதல் கெர்னல் எண், 'எல்எஸ்யூஎஸ்பி' காட்டிய அடையாள எண், இரண்டு கெர்னலிலும் எடுத்த கெர்னல் பதிவு. "புளூடூத் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இந்த நான்கும் இருந்தால் எந்த மாற்றம் உடைத்தது என்று தேடுகிறவருக்குப் பாதி தூரம் மிச்சம்.

## எப்போது கடைக்குப் போக வேண்டும்?

முழுதாக அணைத்து எழுப்பியும், லைவ் யூஎஸ்பியில் ஏறியும், விண்டோஸ் இருந்தால் அதிலும், மூன்று இடத்திலும் அடாப்டர் தெரியவில்லை என்றால் அட்டை இறந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம். கடைக்காரரிடம் "லினக்ஸ் பிரச்சினை" என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பார். உங்கள் கோப்புகள் போகும், கோளாறு இருக்கும். "வைஃபை-புளூடூத் அட்டையைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், யூஎஸ்பி பட்டியலில் வரவில்லை" என்று சொல்லுங்கள். வட்டில் எதையும் தொட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாற்று அட்டை வாங்குவதானால் ஒரு விஷயம் கவனம். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் பொதுவான எம்.2 இடத்தில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் அதற்கென்று அமைந்த இன்டெல் பலகைகளில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி கணினியில் போட்டால் உயிர் வராது. பெயர்கள் ஒரே ஓர் எண்ணில்தான் வேறுபடுகின்றன, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டை பலகையோடு பற்றவைக்கப்பட்ட மெல்லிய மடிக்கணினி என்றால் பலகையைத் தொடவிடாதீர்கள். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல யூஎஸ்பி புளூடூத்துகள் பல வாங்கலாம். ஒன்றை வாங்கி, யூஎஸ்பி 2 ஓட்டையில் செருகி, பயாஸில் உள் புளூடூத்தை நிறுத்திவிட்டு, ஹெட்செட்டை மறுபடி பேரிங் செய்யுங்கள்.